நிலத்தடியில் முன்கூட்டியே முடிவாகும் கொள்ளளவு: சிங்கப்பூரின் ஒன்-நார்த் நிலையம்

தொழில்நுட்பப் பூங்காவுக்கு ரயில் வேண்டுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. எப்போது, எந்த அளவில் என்பதில்தான் கருத்து வேறுபாடு. நிலத்தடி நிலையத்தின் பயன், முதல் பயணி ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்படும் இரண்டு முடிவுகளில் அடங்கியிருக்கிறது: வாசல் எங்கே திறக்கும், நடைமேடை எவ்வளவு நீளம். சிங்கப்பூரின் ஒன்-நார்த் நிலையம் முதல் முடிவில் தேறியது; இரண்டாவதில் கையைச் சுருக்கிக்கொண்டது.

1980களில் வளர்ந்த சிங்கப்பூர் அறிவியல் பூங்காவுக்கு அருகில் ரயில் இல்லை. 2011இல் கென்ட் ரிட்ஜ், ஹா பார் வில்லா நிலையங்கள் திறக்கும்வரை அங்கு வேலைக்குச் சென்றவர்கள் சாலையையே நம்பியிருந்தார்கள். ஒன்-நார்த் தொழில்நுட்ப வளாகத்தின் கதை வேறு. ஏறத்தாழ 200 ஹெக்டேருக்கான அதன் பெருந்திட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீத் 2001இல் வகுத்தார். அடுத்த ஆண்டே, ஒன்-நார்த் நிலையம் அமைந்துள்ள வட்டப்பாதை ரயில் தடத்தின் கட்டுமானம் தொடங்கியது. வளாகத்துக்குள் கிஷோ குரோகாவா வடிவமைத்த ஃபியூஷனோபொலிஸ் கட்டடத் தொகுதியின் முதல் கட்டம் 2008இல் திறந்தது. ரயில் வந்து சேர்ந்தது 2011 அக்டோபர் 8 அன்றுதான். மூன்றாண்டு இடைவெளி இருந்தும் இணைப்பு பழுதுபடவில்லை. நிலையத்திலிருந்து கட்டடத்தின் அடித்தளத்துக்குச் சாலையைக் கடக்காமலே நடந்துவிடலாம்.

அளவில்தான் சிக்கல். ஓட்டுநரில்லா வட்டப்பாதை ஒரு நடுத்தரக் கொள்ளளவுத் தடம். வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குத் தடங்களில் ஆறு பெட்டிகள் ஓட, இங்கே மூன்றுதான். நடைமேடையும் அந்த நீளத்துக்கே. கூட்டம் பெருகியபோது பெட்டிகளைக் கூட்ட வழியில்லை. தொடக்கத்தில் இருந்த 40 ரயில்களுடன் 2015 முதல் 24 ரயில்கள் சேர்க்கப்பட்டன. ரயில்களை நெருக்கி ஓட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

நீளமாகத் தோண்டியிருக்கலாமே என்று சொல்வது எளிது. 2004 ஏப்ரல் 20 அன்று, இதே பாதைக்காக நிக்கல் நெடுஞ்சாலை அருகே தோண்டிய பள்ளம் சரிந்து நால்வர் உயிரிழந்தனர். நிலத்தடியில் கூடுதலாகத் தோண்டும் ஒவ்வொரு மீட்டரும் செலவோடு ஆபத்தையும் கூட்டுகிறது. தேவைக்கு முன்பே கட்டுவதற்கு அரசியல் விலையும் உண்டு. வடகிழக்குத் தடம் 2003இல் ஓடத் தொடங்கியபோது, கட்டி முடித்த புவாங்கோக் நிலையம் பயணிகள் போதாதென்று மூடியே கிடந்தது. 2005இல் அதன் அருகே, வீண்செலவைக் குறிக்கும் வெள்ளை யானை உருவங்களை நட்டு வைத்துக் கேலி செய்தார்கள்.

ஆனால் அந்த நிலையம் 2006இல் திறந்தது. அதைப் போலவே அதே தடத்தில் காத்திருந்த உட்லீ நிலையம் 2011இல் திறந்தது. பூட்டிய கதவைத் தேவை வரும்போது திறக்க முடிந்தது. ரயில் ஓடும் சுரங்கத்தில் நடைமேடையை நீட்டுவது அப்படிப்பட்ட வேலையல்ல. எனவே புதிய பூங்காக்களுக்குத் திட்டமிடுவோர் அலங்காரத்தையும் கருவிகளையும் பின்னுக்குத் தள்ளி, கான்கிரீட் கூட்டை மட்டுமாவது வருங்கால நீளத்துக்குக் கட்டுவதே தகும்.