வகுப்பறையில் ஒரு சமபந்தி

ஜப்பான் தேசத்தின் வடபாகத்தில், பனி மிகுந்த யமகாட்டா மாகாணத்தில், சுருஒகா என்றோர் ஊர் இருக்கிறது. அவ்வூரிலுள்ள தைதோகுஜி என்னும் பௌத்த ஆலயத்தில், 1889ஆம் ஆண்டில், பிக்ஷுக்கள் சிலர் ஒன்றுகூடி ஏழைப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆரம்பப் பாடசாலையை நிறுவினார்கள். மத்தியானத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு வர வகையற்ற அந்தப் பிள்ளைகளுக்காக அவர்கள் வீடு வீடாகச் சென்று, சூத்திரங்களை ஓதிப் பிக்ஷை ஏற்று, அதில் கிடைத்ததைக் கொண்டு சோற்று உருண்டையும், உப்பிட்டுச் சுட்ட மீனும், ஊறவைத்த கீரையுமாக ஒருவேளை ஆகாரம் அளித்துவந்தார்கள். ஜப்பானியப் பள்ளி உணவின் சரித்திரத்தை எழுதுவோர் அனைவரும் தொடங்குவது இவ்விடத்திலிருந்துதான். அதை நினைவுகூரும் கல் ஒன்றும் அவ்வாலயத்தில் நாட்டப்பட்டிருக்கிறது.

பசித்த வயிற்றுக்கு ஒரு பிடி சோறு என்று தொடங்கிய அந்தத் தர்மம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்துக்குள், அளவுக்கு மிஞ்சிய தீனியால் பிள்ளைகளின் தேகம் பருத்துப்போகாமல் காக்கும் அரணாகவும் மாறிவிட்டது என்பதை எண்ணிப் பார்க்கும்போது வியப்பே மேலிடுகிறது. செல்வம் கொழிக்கும் 38 நாடுகளின் குழந்தைகளைப் பற்றி யுனிசெஃப் ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், குழந்தை மரணத்தையும் மிகை எடையையும் கணக்கிலெடுத்து வகுத்த தேக ஆரோக்கிய வரிசையில் ஜப்பான் முதலிடம் பெற்றது. இந்தச் சிறப்புக்குக் காரணம் பள்ளி உணவு ஒன்றே என்று சொல்வது மிகையாகும். ஆயினும் பிள்ளையின் நாவுக்கு ருசியையும் அளவையும் பழக்குவதில் அதற்குள்ள பங்கு பெரிது; அந்தப் பங்கை அது பெற்றதற்குக் காரணம், தானமாகத் தொடங்கியதை அந்நாட்டார் பாடமாக்கிக்கொண்டதே என்பது என் துணிபு.

அந்த எண்ணத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ராணுவ வைத்தியராக இருந்த இஷிஸுகா ஸாகென் என்பவர், 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் எழுதிய நூல்களில், பிள்ளைகளின் உடற்கல்வியும் அறிவுக்கல்வியும் திறமைக்கல்வியும் ஆகாரக் கல்வியிலிருந்தே பிறக்கின்றன என்று வாதித்தார். வைத்தியர் சொன்னதை ஊரார் காதில் போட்டவர் ஒரு நாவலாசிரியர். 1903இல் முராய் கென்ஸாய் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதிய ‘குய்தோராகு’ என்னும் நாவல், நூற்றுக்கணக்கான பதார்த்தங்களின் பாகத்தைக் கதையோடு கலந்து சொல்லி, அதனூடே ஆகாரக் கல்வியின் அவசியத்தையும் வற்புறுத்திப் பெரும் புகழ் பெற்றது. பின்னர் ஸாய்கி தாதாஸு என்னும் அறிஞர் போஷணை சாஸ்திரத்தைத் தனியொரு துறையாக ஸ்தாபிக்கப் பெருமுயற்சி செய்து, 1920இல் சர்க்கார் தொடங்கிய போஷணை ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் தலைவரானார். பள்ளிகளில் உணவு அளிக்கவேண்டும் என்று ஓயாமல் எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

உலகெங்கும் வியாபாரம் மந்தித்து ஜனங்கள் அல்லற்பட்ட 1932இல், பட்டினியால் பாடசாலைக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு உணவளிக்க ஜப்பானிய சர்க்கார் முதன்முதலாகப் பொருளுதவி செய்தது. யுத்தம் வந்து அதையெல்லாம் அழித்தது. தோல்விக்குப் பின் நகரங்களில் குழந்தைகள் எலும்பும் தோலுமாக நின்றபோது, அமெரிக்க தர்ம ஸ்தாபனங்கள் சேர்ந்து அமைத்த ‘லாரா’ என்னும் சங்கம் அனுப்பிய சரக்குகளைக் கொண்டு, 1946 டிசம்பர் 24ஆம் தேதி தோக்கியோவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் பள்ளி உணவு மீண்டும் தொடங்கிற்று. அடுத்த மாதமே அது நாட்டின் பிற பாகங்களுக்கும் பரவி, சுமார் 30 லட்சம் பிள்ளைகளை எட்டிற்று. கொழுப்பு நீக்கிய பால்மாவை வெந்நீரில் கரைத்து அலுமினியக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதன் நெடி தாளாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததை அந்தத் தலைமுறையினர் முதுமையிலும் மறக்கவில்லை. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் கிட்டாத அக்காலத்தில் திமிங்கில இறைச்சியைச் சோயாச் சாற்றில் ஊறவைத்துப் பொரித்துப் பரிமாறினார்கள். 1950இல் எட்டு மாநகரங்களில் அமெரிக்கக் கோதுமை மாவால் சுட்ட ரொட்டியும் சேர்ந்து, முழுச் சாப்பாடு என்று சொல்லத்தக்க நிலை ஏற்பட்டது. மறு வருஷமே அமெரிக்காவின் உதவிப்பணம் நின்றுபோக, திட்டமே குலைந்துவிடும்போல் இருந்தது. அப்போது பெற்றோரும் உபாத்தியாயர்களும் நாடெங்கும் கிளர்ந்தெழுந்து அதைக் கைவிடக்கூடாதென்று முறையிட்டார்கள்.

அந்தக் கிளர்ச்சியின் பயனாக 1954இல் பிறந்தது பள்ளி உணவுச் சட்டம். அதன் இரண்டாம் பிரிவை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பார்கள். போஷாக்கும் ஆரோக்கியமும் அங்கே சொல்லப்பட்டிருக்கின்றன என்றாலும், அவற்றுக்கு முன்பாகவே, உணவைப் பற்றிய சரியான அறிவையும் விரும்பத்தக்க பழக்கத்தையும் வளர்ப்பதும், பள்ளி வாழ்வை இனிதாக்கிக் கூடிப் பழகும் குணத்தை உண்டாக்குவதும் நோக்கங்களாக வைக்கப்பட்டன. உணவு எவ்வாறு விளைந்து, எவ்வாறு பங்கிடப்பட்டு, எவ்வாறு நுகரப்படுகிறது என்பதை உணர்த்துவதும் ஒரு நோக்கமாயிற்று. சமையற்கூடமும் சமையற்காரர் சம்பளமும் நகரசபையின் பொறுப்பு. அரிசி, காய்கறி, மீன் ஆகியவற்றின் விலை பெற்றோர் பொறுப்பு. கொடுக்க இயலாதவர்களுக்கு உதவி உண்டு என்று செலவையும் பகிர்ந்து வைத்தார்கள். ஏழைக்கு ஒரு பந்தி, செல்வனுக்கு ஒரு பந்தி என்ற பேதம் இதனால் ஒழிந்தது. யுத்தகாலப் பஞ்சத்தின் நிழலிலேயே இருந்துகொண்டு, பஞ்சம் தீர்ந்த பிறகும் பயன்படும்படியாக ஒரு சட்டத்தை எழுதியவர்களின் தீர்க்கதரிசனத்தை எவ்வளவு போற்றினாலும் தகும்.

ஆரம்பப் பாடசாலையொன்றில் மத்தியான மணி அடித்ததும் நடப்பதைப் பார்ப்போம். அன்றைய முறைக்குரிய பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தலைக்குல்லாயும் முகமூடியும் அணிந்து, கை கழுவி, சமையற்கூடத்துக்குச் சென்று, ஆவி பறக்கும் பாத்திரங்களை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வகுப்பறைக்கு வருகிறார்கள். ஒருவன் சோறு வைக்கிறான்; ஒருத்தி சோயாப் பசைச் சாற்றை அகப்பையால் மொண்டு கிண்ணத்தில் ஊற்றுகிறாள்; இன்னொருவன் சுட்ட மீனையும் வெந்த காய்கறியையும் தட்டில் வைக்கிறான். மேஜைகளைக் கூட்டிப்போட்டு, உபாத்தியாயரும் அதே தட்டில் அதே சாப்பாட்டோடு அமர்ந்த பின்னர், எல்லாரும் கைகூப்பி நன்றி சொல்லி உண்ணத் தொடங்குகிறார்கள். உண்டு முடித்ததும் பால் அட்டைப்பெட்டியை மடித்து அடுக்கிவைப்பதும் அவர்கள் வேலையே. முறை முடிந்தவன் வார இறுதியில் தன் மேலங்கியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, துவைத்துத் தேய்த்து, திங்கட்கிழமை அடுத்தவனிடம் ஒப்படைக்கவேண்டும். இன்ன வயதுக்கு இவ்வளவு என்று அளவும் வகுத்திருக்கிறார்கள்: எட்டு ஒன்பது வயதினருக்கு 650 கலோரி, பன்னிரண்டு முதல் பதினான்கு வயதினருக்கு 830. தின்பண்டக் கடை வைத்துக் காசுக்கு விற்கும் வழக்கம் அங்கே இல்லை. எதை உண்பது என்று பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை திகைத்து நிற்கும் சந்தர்ப்பமே அந்த வேளையில் எழுவதில்லை.

சோற்றைப் பற்றிச் சொன்னேன். அது அங்கே வந்து சேர்ந்தது 1976இல்தான். அதுவரை சுமார் ஒரு தலைமுறைக் காலம், அரிசி விளையும் நாட்டின் பிள்ளைகள் பள்ளியில் ரொட்டியே தின்று வளர்ந்தார்கள். நாட்டில் செல்வம் பெருகி, எண்ணெயில் பொரித்ததும் சீனி கலந்ததும் தெருவெங்கும் மலிந்த அக்காலத்திலேதான், பருத்த பிள்ளைகளின் தொகையும் ஏறத் தொடங்கிற்று. 1900ஆம் ஆண்டு முதலாகவே பள்ளிப் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து ஏட்டில் பதிந்துவந்த தேசமாகையால், அந்த ஏற்றம் சர்க்காரின் கண்ணுக்குத் தப்பவில்லை. 2005இல் ஆகாரக் கல்விக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, போஷணை சாஸ்திரம் கற்றவர்களைச் சமையற்கூடத்துக்கு மட்டுமன்றி வகுப்புக்கும் உரிய உபாத்தியாயர்களாக நியமிக்கும் முறையையும் அதே வருஷத்தில் தொடங்கினார்கள். இஷிஸுகாவின் சொல் சட்டமாவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதனோடு நடையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்: ஆரம்பப் பாடசாலை நாலு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டருக்குள்ளும் இருக்கவேண்டும் என்பது 1958இல் ஏற்பட்ட விதி; பெரும்பாலான சிறுவர்கள் அண்டைவீட்டுத் தோழர்களோடு கூட்டமாக நடந்தே பள்ளிக்குச் செல்கிறார்கள்.

குறைகளையும் மறைக்கலாகாது. தட்டில் வைத்ததை மிச்சமின்றித் தின்றே ஆகவேண்டும் என்று, விழுங்கமுடியாத குழந்தையை மற்றவர்கள் விளையாடப் போன பின்னும் தட்டின் முன்னே உட்காரவைத்த கடுமை பல காலம் நடந்தது; அது கல்வியன்று, தண்டனை. 1996இல் ஸகாய் நகரத்தில் பள்ளி உணவில் கலந்த நச்சுக் கிருமியால் 9,000க்கும் மேற்பட்டோர் நோயுற்று, குழந்தைகள் சிலர் மாண்டுபோன துயரத்துக்குப் பிறகு, நாடு முழுவதும் சமையற்கூட விதிகளைத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று.

இதே நோக்கத்துக்கு வேறு வழி தேடிய நாடும் உண்டு. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய திட்டத்தின்படி, எடை மிகுந்த மாணவர்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனித் தேகப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். பருத்தவர்களின் விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் சகமாணவர்களின் ஏளனத்துக்கு ஆளாகி மனம் நொந்த பிள்ளைகளைப் பற்றிய முறையீடுகளும் பெருகின. 2007இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களையும் தழுவிய வேறு ஏற்பாட்டுக்கு மாறினார்கள். நோயாளி என்று ஒரு குழந்தையின் முதுகில் முத்திரை குத்தாமலே அதற்கு நல்ல பழக்கத்தை ஊட்டமுடியும் என்பதற்குச் சமபந்தியே போதிய சாட்சி.

இளைஞர் விஷயத்தில் ஜப்பானியரின் ஏற்பாடு இன்னும் நிறைவுபெறவில்லை. ஆரம்பப் பாடசாலைகளில் ஏறக்குறைய எங்கும் பரவிவிட்ட பள்ளி உணவு, நடுநிலைப் பள்ளிகளில் ஊருக்கு ஊர் வேறுபட்டது. யொகொஹாமா போன்ற பெருநகரம்கூட அவ்வயதினரை நெடுங்காலம் வீட்டுச் சோற்றுப் பெட்டிக்கே விட்டுவைத்திருந்து, 2021இல்தான் அவர்களையும் பள்ளி உணவின் பாற்படுத்திற்று. இந்த வேறுபாட்டையே ஆதாரமாகக்கொண்டு தோக்கியோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் மாகாணங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட முடிவின்படி, பள்ளி உணவு பரவப் பரவ நடுநிலைப் பள்ளிச் சிறுவர்களிடையே மிகை எடை சிறிது சிறிதாகக் குறைந்திருக்கிறது. சிறுமியரிடம் அத்தகைய மாறுதல் தெளிவாகத் தென்படவில்லை. பதினைந்து வயதைக் கடந்து மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றால், பகல் வகுப்பினருக்குப் பொதுவாக இந்தப் பந்தியே கிடையாது. வேலை செய்துகொண்டே இரவில் படிப்பவர்களுக்கென்று மட்டும் 1956இல் ஒரு சட்டம் செய்தார்கள். கையில் காசும், வழியெல்லாம் கடையும், கேட்பாரற்ற சுதந்திரமும் வந்து சேரும் வயது அது. ஒன்பது வருஷம் பழக்கிய பழக்கத்தைத் துணையென்று நம்பி அவர்களை அவ்விடத்தில் விட்டுவிடுவது போதாது. 1954இன் சட்டத்தை மேல்நிலைப் பள்ளிக்கும் நீட்டுவதே அந்நாட்டார் அடுத்துச் செய்யவேண்டிய காரியம் என்று நான் கருதுகிறேன்.