உறைபழச்சாறு

உறைபழச்சாறு என்பது இனிப்புச் சேர்த்த பழச்சாற்றை முழுதும் இறுகவிடாமல், பனித்துகள்களாக உறையவைத்துப் பருகும் கோடைக்காலப் பானம் ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்லஷ் எனப்படுகிறது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனி செல்லும் சாலை கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. 2023 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அப்பகுதியின் பன்னீர் திராட்சை இதற்கு மிகவும் ஏற்றது.

திராட்சையை விதையுடன் அரைத்தால் சாறு துவர்க்கும். எனவே பழத்தைச் சிறிது நீரில் தோல் வெடிக்கும்வரை வேகவைத்து, மசித்து வடிகட்டுவர். தோலிலிருந்தே கருஞ்சிவப்பு நிறம் இறங்குவதால் சாயம் தேவையில்லை. ஆறியபின் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைத்து, அரைமணிக்கு ஒருமுறை முட்கரண்டியால் கிளறவேண்டும். சர்க்கரை கரைந்த நீர் 0° செல்சியசுக்குக் கீழேதான் உறையும். ஆகவே சர்க்கரை குறைந்தால் சாறு கல்லாக இறுகிவிடும், மிகுந்தால் கூழாகவே நிற்கும்.

உறையவைப்பதால் நோய்க்கிருமிகள் அனைத்தும் அழிவதில்லை. வயிற்றுப்போக்கு, டைபாய்டு போன்றவை பனிக்கட்டி வழியாகவும் பரவக்கூடும் என்பதால் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்தவேண்டும். மீன் முதலியவற்றைப் பதப்படுத்தும் பனிக்கட்டிக்கு நீல நிறம் சேர்க்கவேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் அறிவுறுத்தியது. ஆயினும் திராட்சைச் சாற்றில் கலந்தபின் அந்நீலத்தைக் கண்டறிவது கடினம்.