பெயர் மாறிய எண்ணெய்

கனோலா என்கிற சொல் 1978க்கு முன்னால் எந்த மொழியிலும் கிடையாது. அந்த ஆண்டுதான் மேற்குக் கனடாவில் எண்ணெய் வித்து ஆட்டும் ஆலைக்காரர்களின் சங்கம் அதை வணிகக்குறியாகப் பதிவு செய்தது. கனடா, ஆயில், அமிலம் குறைவு என்பதையெல்லாம் சுருக்கிக் கட்டிய சொல். அதற்குமுன் செடிக்கு இருந்த பெயர் ரேப். டர்னிப் கிழங்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கடுகுக்குப் பங்காளி முறை. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தோடு அதைப் பாட்டிலில் ஒட்டி அமெரிக்காவில் விற்க முடியாது என்பது வெளிப்படை. நமக்கும் எள்ளின் நெய்தான் எண்ணெய். அப்புறம் அது மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டது. ஆனால் அதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. சொல் தானாகப் பரவுவது வேறு, ஒரு சங்கம் சொல்லைச் செய்து அதற்குள் ஒரு பொருளை அடைப்பது வேறு. கனோலா உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி இந்த வேறுபாட்டைப் பார்க்காமலேயே கேட்கப்படுகிறது.

ரேப் பயிர் கனடாவில் சாப்பாட்டுக்காகப் பெருகவில்லை. நீராவியில் ஓடும் கப்பல் இயந்திரங்களுக்கு, ஈரமான உலோகத்தின்மேல் வழிந்து போகாமல் ஒட்டி நிற்கும் எண்ணெய் தேவை. ரேப் எண்ணெய்க்கு அந்தக் குணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வரத்து நின்றதும் அரசே விவசாயிகளைப் பயிரிடச் சொன்னது. போர் முடிந்தது, நீராவி போய் டீசல் வந்தது. பயிர் நிற்கிறது, ஆலை நிற்கிறது, வாங்க ஆளில்லை. அப்போதுதான் மனிதர்களின் வயிறு ஞாபகத்துக்கு வந்தது.

இதை வைத்து 'இஞ்சின் ஆயிலை ஊட்டுகிறான்' என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் பேத்தல். முதல் உலகப் போரில் விமான இயந்திரங்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் அதையே பேதிக்குக் கொடுத்தார்கள். சீனாவிலும் வட இந்தியாவிலும் இந்தக் குடும்பத்து எண்ணெயைத்தான் நூற்றாண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் கிளம்பியது. பழைய ரேப் எண்ணெயில் எருசிக் என்ற கொழுப்பு அமிலம் 40 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். அதை நிறையக் கொடுத்த எலிகளின் இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. 1970 வாக்கில் இந்த ஆய்வுகள் பெரிய கலக்கத்தை உண்டாக்கின. எலியின் உடம்பு இந்த வகைக் கொழுப்பை எரிப்பதில் மோசம், அதை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது என்பது பிறகுதான் தெளிந்தது. அதற்குள் ஆய்வுக்கூடத்தில் பதில் தயாராகிக்கொண்டிருந்தது. சாஸ்கட்டூனில் கீத் டவுனி, மானிடோபா பல்கலைக்கழகத்தில் பால்டர் ஸ்டெஃபன்சன். டவுனி கையாண்ட முறை எனக்குப் பிடித்தமானது. கடுகளவு விதையை (இங்கே கடுகளவு என்பது உவமை இல்லை) பாதியாகப் பிரித்து, ஒரு பாதியின் எண்ணெயைக் கருவியில் வைத்து அளப்பார்கள். எருசிக் குறைவாக இருந்தால் மறுபாதியை முளைக்க வைப்பார்கள். 1974இல் ஸ்டெஃபன்சன் டவர் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். எண்ணெயில் எருசிக் குறைவு. புண்ணாக்கில் கால்நடைக்கு ஆகாத குளுகோசினோலேட்டும் குறைவு. இதில் மரபணு மாற்றம் கிடையாது, பழைய கலப்பு முறைதான். செலவழிந்ததில் பெரும்பகுதி பொதுப்பணம்.

களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றிய ரகம் 1995இல்தான் வயலுக்கு வந்தது. அதோடு வழக்கும் வந்தது. சாஸ்காட்சுவன் விவசாயி பெர்சி ஷ்மைசர் தன் வயலில் எடுத்து வைத்த விதையை விதைத்ததற்காக மான்சாண்டோ வழக்குப் போட்டது. 2004இல் கனடா உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் கம்பெனியின் காப்புரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றது. பொதுப்பணத்தில் உருவான பயிர் கம்பெனியின் உடைமையாக மாற 30 ஆண்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

சரி, நல்லதா இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். கனோலாவில் நிறைவுற்ற கொழுப்பு 7 சதவீதம் அளவில்தான். 60 சதவீதத்துக்கு மேல் ஒலியிக் அமிலம், 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒமேகா 3. வெண்ணெய், நெய், பாமாயில் இருந்த இடத்தில் இது வந்தால் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் இறங்குகிறது. பிரான்சில் லியோன் நகரத்து மாரடைப்பு நோயாளிகளிடம் 1988இல் தொடங்கிய ஆய்வில் வெண்ணெய்க்குப் பதில் கனோலா சேர்ந்த மார்கரின் கொடுத்தார்கள். மறு மாரடைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் காய்கறி, பழம், ரொட்டி என்று மொத்தச் சாப்பாட்டையே மாற்றியிருந்தார்கள். மொத்தப் புகழையும் எண்ணெய்க்கே எழுதி வைப்பது விளம்பரக்காரன் வேலை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006இல் தினம் ஒன்றரை மேசைக்கரண்டி கனோலா இதயநோயைக் குறைக்கக்கூடும் என்று லேபிளில் போட அனுமதித்தபோதுகூட, சான்று குறைவு, முடிவானதல்ல என்ற வாசகத்தையும் சேர்க்கச் சொன்னது. ஹெக்சேன் ஊற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்களே என்றால், கடையில் வாங்கும் ரீஃபைண்டு சோயாவுக்கும் சூரியகாந்திக்கும் பெரும்பாலும் அதே கதிதான். ஆக, கெட்ட எண்ணெய் இல்லை. அமுதமும் இல்லை.

எனக்கு உறுத்துவது, கனோலாவுக்காகச் செய்த அளவுகோல் பங்காளி வீட்டுக்குப் போய் என்ன செய்தது என்பது. வங்காளத்தில் மீன் பொரிக்கிற கடுகெண்ணெயில் எருசிக் அதிகம். அமெரிக்காவில் அதைச் சமையல் எண்ணெயாக விற்க அனுமதி இல்லை. அங்குள்ள இந்தியக் கடைகளில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்' என்று எழுதிய பாட்டிலை வாங்கிப் போய் வங்காளிகள் சமைக்கிறார்கள். லேபிளைப் பொறுத்தவரை அவர்கள் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறார்கள். டில்லியிலும் பெங்களூரிலும் நோயாளிகளை மற்றவர்களோடு ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வோ, கடுகெண்ணெயில் சமைப்பவர்களிடம் இதயநோய் குறைவாகக் கண்டது. ஒரே ஆய்வை வைத்துக் கடுகெண்ணெயைத் தூக்கிப் பிடிக்க முடியாதுதான். ஆனால் எலிக்கு இருந்த மரியாதை ஒரு ஜனக்கூட்டத்தின் நாக்குக்கும் நூற்றாண்டு அனுபவத்துக்கும் இல்லாமல் போனது எப்படி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உணவு, உணவல்லாதது என்ற கோட்டை உடம்பின் நலனுக்காக மட்டும்தான் போடுகிறார்கள் என்று நம்புகிறவர்கள் 1981இல் ஸ்பெயினில் நடந்ததைப் பார்க்கலாம். உள்நாட்டு எண்ணெய்ச் சந்தையைக் காப்பாற்ற, இறக்குமதியாகும் ரேப் எண்ணெய் ஆலைகளுக்கு மட்டுமே போக வேண்டும், அதை யாரும் சாப்பிட முடியாதபடி அனிலின் கலக்க வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. பிரான்சிலிருந்து அப்படி வந்த எண்ணெயைச் சில வியாபாரிகள் சுத்திகரித்து, ஆலிவ் எண்ணெய் என்று லேபிள் இல்லாத 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் தெருத்தெருவாக விற்றார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் மாட்ரிட்டைச் சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளின் ஜனங்கள். சுமார் 20,000 பேர் நோயில் விழுந்தார்கள். 300க்கு மேற்பட்டோர் செத்தார்கள். கைகால் முடங்கியவர்கள் ஏராளம். எந்த வேதிப்பொருள் கொன்றது என்பது அறுதியாக நிறுவப்படவில்லை. ரேப் எண்ணெயின் இயல்பான குணம் அல்ல, அனிலின் சேர்த்துச் சுத்திகரித்த அந்தச் சரக்குதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. 1989இல் வியாபாரிகளுக்குத் தண்டனை கிடைத்தது. அரசும் இழப்பீடு கொடுத்தாக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1997 ஆகிவிட்டது.