சிலம்பு காட்டிய குற்றவாளி

கோவலனைக் கொன்றவன் யார்? சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகத்தைக் கொட்டகையில் கண்டு கண்ணீர் வடித்த பாட்டனைக் கேளுங்கள்; 1942-இல் ஜூபிடர் கண்ணகியையும் 1964-இல் பூம்புகாரையும் திரையில் கண்ட தந்தையைக் கேளுங்கள். "தட்டான்" என்பார் ஒருவர். "விதி" என்பார் மற்றொருவர். "பாண்டியன்" என்று முதல் மூச்சிலேயே சொல்பவரைக் காண்பது அரிது. ஆனால், பாண்டியனே அப்படிச் சொல்லிக்கொண்டான்! கொலைகாரனே ஒப்புக்கொண்ட குற்றத்தை அவன் தலையிலிருந்து இறக்கி வேறு தலைகளில் ஏற்றி வைத்தது எப்படி? இதைக் கொங்குநாட்டார் மற்றவரைக் காட்டிலும் சற்று உரிமையோடு கேட்கலாம். சிலப்பதிகாரத்தில் கொங்கருக்கு ஒரு வரி உண்டு. சிலப்பதிகாரத்துக்குக் கொங்கர் ஒருவரின் உரையும் உண்டு. இரண்டையும் பிறகு சொல்வோம். முதலில் கொலைக்களத்துக்குப் போவோம்.

ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் பறிகொடுத்தான் என்று ஊடினாள் கோப்பெருந்தேவி. தலைநோவென்று சொல்லி அந்தப்புரம் புகுந்தாள். ஊடல் தீர்க்க விரைந்தான் நெடுஞ்செழியன். அந்த விரைவில், அந்த வாயிலில், அடி பணிந்து நின்றான் பொற்கொல்லன். தேவியின் சிலம்பைத் தான் திருடி வைத்துக்கொண்டு, திருடன் அகப்பட்டான் என்றான். யார் அவன், எந்த ஊர், சிலம்பில் என்ன அடையாளம்? ஒரு கேள்வி? அரைக் கேள்வி? இல்லை! சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொண்டுவருக என்று ஊர்க்காவலருக்கு ஆணையிட்டு நடந்தான் மன்னன். கொல்வதற்காகக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல நினைத்தவன் வாய் தவறிக் கொன்று கொண்டுவாருங்கள் என்றான் எனச் சமாதானம் சொல்வாரும் உண்டு. வாய் தவறியிருக்கலாம், வாள் தவறவில்லையே!

அரசனுக்கு எழாத ஐயம் காவலருக்கு எழுந்தது என்பதைத்தான் நாடகமேடை பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்று தயங்கினார்கள் அவர்கள். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டென்று பாடம் நடத்தித்தான் பொற்கொல்லன் அவர்களை மயக்க வேண்டியிருந்தது. அப்போதும் அவர்களுக்குத் துணிவு பிறக்கவில்லை. கல்வியற்ற களிமகன் ஒருவன் வாளை வீசினான். குருதி மண்ணை நனைத்தது. செங்கோல் வளைந்தது என்கிறார் இளங்கோ. வளைந்தது தட்டானின் சுத்தியலன்று, குடிகாரனின் வாளன்று, அரசனின் கோல்! குற்றம் யாருடையது என்பதைக் கொலை நடந்த கணத்திலேயே கவிஞர் எழுதிவிட்டார்.

பின்னர் வருகிற ஒவ்வொரு பொருளும் அதே திசையில்தான் கை காட்டுகிறது. தேவியின் கனவில் செங்கோலும் வெண்குடையும் விழுகின்றன. வாயில் மணி தானாக நடுங்கி ஒலிக்கிறது. முறை வேண்டி வருவோர் அடிக்க வேண்டிய மணி, அடிப்பாரின்றி அலறுகிறது. கடைசியில் சிலம்பு. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எம் சிலம்பின் பரல் முத்து என்கிறான் கொற்கை முத்துக்கு உரியவன். உடைத்தாள், மணி அரசன் வாயருகே தெறித்தது. கொல்லச் சொன்ன வாய் அல்லவா அது! கொடுமணல் அகழாய்வில், 1985 முதலாக, நொய்யலாற்றங்கரையில் மணி தீட்டிய பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற படியூரும் அருகேதான். கண்ணகியின் பரல் கொங்குமணி என்று நாம் சொல்லவரவில்லை. மணிக்கும் முத்துக்கும் வேறுபாடு காணக் கொங்கு உழவனின் குழந்தைக்குக்கூட ஒரு நொடி போதும் என்று மட்டும் சொல்கிறோம். அந்த ஒரு நொடியை மதுரை அரசன் செலவிடவில்லை.

தான் அரசனல்லன், தானே கள்வன் என்று சொல்லி வீழ்ந்து மாண்டான் நெடுஞ்செழியன். கிரேக்கத்துச் சொபோக்கிளீசின் ஈடிப்பசும் கொலைகாரனைத் தேடுகிற நீதிபதியாகத் தொடங்கி, தேடப்படுபவன் தானே என்று கண்டு தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். சேக்சுபியரின் மாக்பெத்தோ, டங்கனைக் கொன்றபின் அதை மறைக்கக் கொலைமேல் கொலை செய்கிறான். அவன் மனைவி உறக்கத்தில் எழுந்து, இல்லாத குருதிக்கறையைக் கழுவிக் கழுவி மாய்கிறாள். பாண்டியன் கழுவவில்லை. கறை தெரிந்த கணமே தன்னுடையது என்றான். அவன் செய்த கொடுமையை நாம் மன்னிக்கவில்லை. ஆயினும் இந்த நேர்மைக்காக அவனை மதிக்கிறோம்.

மதிக்க மறுத்தவர்கள் அவனுக்குப் பின் வந்தார்கள். மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பழங்கதை சொல்கிறது: முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தானாம், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தானாம், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறப்பில் பலித்ததாம். பார்த்தீர்களா! கொலையுண்டவனே கொலைகாரனானான். கொன்றவன் ஊழின் கைக்கருவியானான். தன் பக்கத்துச் சொல் ஒன்றுகூடச் சொல்ல வாய்ப்பின்றி வெட்டுண்டவன் மீது, அவன் அறியாத பிறப்பின் பழி ஏற்றப்பட்டது. அம்மானைக் கதைகளோ இன்னும் ஒரு படி மேலே போய்க் கண்ணகியைக் காளியின் பிறவியாக்கிவிட்டன. காளி வந்து பழி தீர்த்தால், கேள்வி கேட்ட பெண் எங்கே?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலியிட்டான் என்று நூலின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. நீர்ப்படைக் காதையில் மாடலனும் செங்குட்டுவனுக்கு இதையே சொல்கிறான். ஒருவன் திருடினான், ஆயிரவர் மாண்டனர். வரலாற்றில் இது நடந்ததோ இல்லையோ, நடந்ததாகச் சொல்வதில் எவர்க்கும் கூச்சமிருக்கவில்லை! அன்று அந்தப் பொற்கொல்லன் பின்னே நுண்வினைக் கம்மியர் நூற்றுவர் நடந்து வந்தனரே. அவர்கள் சிலம்பைத் தொட்டார்களா, பொய் சொன்னார்களா? கண்ணகி ஏவிய தீக்குக்கூட ஒரு வரம்பு இருந்தது. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என இவரை விட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க என்றாள். (பட்டியலின் தலையில் நிற்பவர் யாரென்று வாசகர் கவனிக்காமலா இருப்பார்!) நெருப்புக்கு இருந்த வரம்பு செங்கோலுக்கு இல்லாமற்போயிற்று. தங்க நகைப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற கோவையிலிருந்து ஒரு பத்தர் தம் மகனை அழைத்துக்கொண்டு கோவலன் நாடகம் பார்க்கப் போனால், "நம்மவரா அப்பா கொன்றது?" என்று அச்சிறுவன் கேட்டால், அவர் என்ன விடை சொல்வார்? கொல்லச் சொன்னது அரசன் என்று மேடை உரக்கச் சொல்லியிருந்தால் அவன் அப்படிக் கேட்டிருப்பானா?

இப்போது கொங்குக்கு வருவோம். அதே உரைபெறு கட்டுரையில், பாண்டியனின் ஆயிரம் பலியை அடுத்து வருகிறது கொங்கர் செய்தி. அதைக் கேட்டுக் கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் நங்கைக்கு விழாவெடுத்துச் சாந்தி செய்தனர், மழை பொய்க்கவில்லை. கோசர் எவர், எங்கிருந்து வந்தவர் என்ற வழக்கை அறிஞருக்கே விட்டுவிடுவோம். விழாவால் மழை வரும் என்பதையும் நாம் நம்பவில்லை. நொய்யல் எத்தனையோ விழாக்களைக் கண்டும் வறண்டிருக்கிறது. நாம் காண்பது வேறு: அங்கே ஆயிரம் தலை உருண்டது, இங்கே ஒரு தலை உருண்டதாகவும் எழுதப்படவில்லை. ஒரே பெண்ணுக்குத்தான் இரண்டும் செய்யப்பட்டன.

கொங்கர் உரை என்றோமே, அது விசயமங்கலத்தை அடுத்த நிரம்பையைச் சேர்ந்த அடியார்க்கு நல்லார் எழுதியது. பொப்பண்ண காங்கேயன் ஆதரிக்க எழுதினார். இதை வெறும் கதையென்று கொள்ளாமல், இயலும் இசையும் நாடகமும் விரவிய செய்யுளென்று எடுத்துக்காட்டியவர் அவர். செயிற்றியம், முறுவல், சயந்தம், குணநூல் என அழிந்துபோன நாடக நூல்களின் பெயர்களேனும் இன்று நமக்குத் தெரிவது அவரால். உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது இவ்வுரையும் அச்சேறியது. மேடையறிந்த அந்தக் கொங்குப் புலவர், அரசன் வாய்விட்டுக் குற்றம் ஏற்கும் காட்சிக்கு என்ன எழுதியிருப்பார் என்று புரட்டிப் பார்த்தால் ஏமாற்றந்தான். கானல்வரி நீங்கலாக, ஊர்சூழ்வரி வரைக்குமே அவர் உரை கிடைத்திருக்கிறது. கையில் ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி தெருவில் நடக்கிறாள், ஊர் அழுகிறது, ஏடு முடிகிறது. அடுத்தது வழக்குரை காதை. அங்கே நமக்குத் துணை, அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் தந்து நகரும் அரும்பதவுரைகாரர் ஒருவரே.