பெரியது ஒன்று, சிறியது ஒன்று: கோமாளி மீனுக்கு ஜோடி சேர்த்த கதை

கோமாளி மீனுக்கு ஜோடி சேர்க்கும்போது ஆண் எது, பெண் எது என்று பார்த்து வாங்க முடியாது. கப்பி வளர்ப்பவர் வாலைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஃபைட்டர் வளர்ப்பவருக்குத் துடுப்பின் நீளம் போதும். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டைகளோடு நீந்தும் இந்த மீனில் அப்படிப்பட்ட அடையாளம் எதுவும் கிடையாது. பழகியவர்கள் சொல்லும் விதி ஒன்றே ஒன்றுதான்: பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று எடுக்க வேண்டும். ஏன் அப்படி என்பதற்கு விடை கிடைக்க, இந்த மீனைப் பற்றி முதலில் எழுதப்பட்ட காலத்திலிருந்து நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

தென்சீனக் கடலின் திட்டுகளில் பெரிய கடற்சாமந்திகளுக்குள் மீன்கள் குடியிருப்பதை ஆங்கிலேய இயற்கையியலாளர் கத்பர்ட் காலிங்வுட் 1868இல் எழுதினார். அவர் அவற்றை ஏறக்குறைய ஒட்டுண்ணிகளாகவே கருதினார். சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவே மீன் சாகாமல் இருப்பதுதான் அன்று எல்லோரையும் வியக்க வைத்தது. அந்த மீன்கள் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று கேட்பாரில்லை. டச்சு விலங்கியலாளர் யான் வெர்வே பட்டாவியா வளைகுடாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவின் கடலில், செய்த விரிவான ஆய்வு 1930இல் வெளிவந்தது. மொனாக்கோவில் தொட்டியில் வளர்த்த கோமாளி மீன்களின் நடத்தையை கார்னோ 1951இல் பதிவு செய்தார். இந்த மீன் மனிதன் கட்டிய கண்ணாடிச் சுவருக்குள்ளும் குடும்பம் நடத்தும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் மொனாக்கோவில் கடல் வாசலிலேயே இருந்தது. உள்நாட்டு வீடுகளில் கடல்மீன் வளர்ப்பு பரவலாக, 1960களில் பொட்டல உப்பு கடைக்கு வர வேண்டியிருந்தது. குழாய் நீரில் அந்த உப்பைக் கரைத்து, சரளைக்கு அடியில் வடிகட்டித் தட்டு வைத்து, காற்றுக் குமிழால் நீரை இழுத்துச் சுழற்றினால் கழிவைத் தின்னும் பாக்டீரியா சரளையிலேயே பெருகும். வண்ணத்துப்பூச்சி மீனும் தேவதை மீனும் சில வாரங்களில் செத்து மிதந்த அந்தத் தொட்டிகளில் கோமாளி மீன் தாக்குப்பிடித்தது. கொடுத்ததைத் தின்னும், தன் இடத்தை விட்டு அதிகம் நகராது.

சிக்கல் இரண்டாவது மீனை வாங்கும்போதுதான் வந்தது. ஒரே அளவில் வளர்ந்த இரண்டு மீன்களை விட்டால், ஒன்று மற்றதை மூலையில் தள்ளி, துடுப்பைக் கிழித்து, சில நாளில் கொன்றுவிடும். கடலில் ஒரே சாமந்தியிலிருந்து சேர்த்துப் பிடித்த பெரிய மீன்கள் இரண்டு மட்டும் அமைதியாக வாழ்ந்தன. அவற்றை ஜோடி என்று தனியாகக் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

விளக்கம் 1977இல் வந்தது. ஹான்ஸ் ஃபிரிக்கேயும் சிமோன் ஃபிரிக்கேயும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்த மீனில் பால் என்பது பிறப்போடு வருவதல்ல, வரிசையில் கிடைக்கும் இடத்தோடு வருவது என்று காட்டியது. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது அதன் துணையான ஆண். மற்றவை இனப்பெருக்கம் செய்யாத சிறுசுகள். பெண்ணை எடுத்துவிட்டால் ஆண் தன் உடலை மாற்றிக்கொண்டு சில வாரங்களிலோ மாதங்களிலோ பெண்ணாகிவிடும். சிறுசுகளில் பெரியது ஆணின் இடத்துக்கு ஏறும். ஆணின் இனச்சுரப்பியில் பெண் திசுவும் உறங்கிக் கிடப்பதால் இது நடக்கிறது. பெண்ணான பிறகு திரும்பி ஆணாக வழியில்லை. ஒரே அளவில் இரண்டு பெரிய மீன்களைச் சேர்த்தவர்கள், தெரியாமலே இரண்டு பெண்களை ஒரே வீட்டில் அடைத்திருக்கிறார்கள்.

பீட்டர் பஸ்டன் பாப்புவா நியூ கினியின் மடாங் காயலில் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது. வரிசையில் கீழே உள்ள மீன் தன் வளர்ச்சியைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மேலே இருப்பதற்குச் சமமாக வளர்ந்தால் சாமந்தியிலிருந்து துரத்தப்படும். வெளியே போனால் உயிர் தப்பாது. ஆக, அளவு என்பது இங்கே பதவிச் சின்னம் போல. அதே ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் தாயை இழந்த குஞ்சைத் தந்தை கடலெல்லாம் தேடி அலைகிறது. உயிரியல்படி பார்த்தால் அந்தத் தந்தை படம் முடிவதற்குள் தாயாக மாறத் தொடங்கியிருக்க வேண்டும். படத்தால் கடலில் இந்த மீனைப் பிடிப்பது பெருகியது என்ற பேச்சுக்குப் பின்னாளைய ஆய்வுகளில் வலுவான சான்று கிடைக்கவில்லை. பெயர் மட்டும் கடைகளில் 'நீமோ' என்றே நிலைத்துவிட்டது.

இப்போது ஜோடி சேர்க்கும் முறைகள் எல்லாம் இந்த வரிசையைத் தொட்டிக்குள் உண்டாக்கும் வழிகள்தான். சிறியதை முதலில் விட்டு, அது இடம் பழகியபின் பெரியதை விடுவது ஒரு வழி. இல்லையென்றால் துளையுள்ள பெட்டியில் ஒன்றைப் போட்டு மற்றதன் கண்முன் சில நாள் தொங்கவிடுவார்கள். பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது சண்டையை அல்ல, நடுக்கத்தை. பெரியது நெருங்கும்போது சிறியது உடலைச் சாய்த்து, குளிர்காய்ச்சல் வந்தது போல் வெடவெடவென்று உதறும். 'நீதான் பெரிய ஆள்' என்பதற்கு மீன் மொழியில் அதுதான் பணிவு. உதறல் வந்தால் ஜோடி சேர்ந்துவிடும் என்று நம்பலாம். உதறாமல் பதிலுக்கு மோதினால் உடனே பிரித்துவிட வேண்டும். இரண்டும் இரவில் ஒரே மூலையில் ஒட்டிப் படுக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. முட்டைக்கு இன்னும் பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும் காத்திருக்க வேண்டும். சாமந்தி கட்டாயமில்லை. கவிழ்த்து வைத்த மண் பூந்தொட்டியையே பல ஜோடிகள் வீடாக எடுத்துக்கொள்கின்றன.

மரூன் கோமாளி மீன் மட்டும் இந்த விதிகளுக்கு எளிதில் அடங்காது. பெண் 15 செ.மீ. வரை வளரும், ஆண் அதில் பாதியைக்கூட எட்டாமல் இருப்பதுண்டு. பிடிக்காத ஆணைப் பெண் ஓரிரு நாளில் தீர்த்துவிடும்.

ஜோடி சேர்ந்து முட்டையிட்டாலும் குஞ்சு பிழைக்காததுதான் நெடுநாள் தடையாக இருந்தது. ஆண் பாறையில் ஒட்டிய முட்டைகளை விசிறி, வாயால் துடைத்து ஒரு வாரம் காக்கும். முதலில் ஆரஞ்சாக இருக்கும் முட்டைகளில் கடைசியில் வெள்ளிக் கண்கள் மின்னும். விளக்கணைந்த பின் இருட்டில் பொரியும். ஆனால் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குஞ்சின் வாய்க்குள், தீவனமாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரின் குஞ்சுகூட நுழையாது. விடை ஜப்பானின் விலாங்குக் குளங்களிலிருந்து வந்தது. அங்கே பாசியைத் தின்று குளத்தைக் கெடுத்த ரோட்டிபர் என்ற நுண்ணுயிரை, 1960 வாக்கில் தகாஷி இடோ மீன் குஞ்சுகளுக்குத் தீவனமாக முன்வைத்தார். தொல்லை என்று கழிக்கப்பட்ட அந்த உயிர் இல்லையென்றால் கடல்மீன் பொரிப்பகமே இல்லை என்று சொன்னால் மிகையில்லை. 1970களின் தொடக்கத்தில் புளோரிடாவில் மார்ட்டின் மோ கோமாளி மீன்களை வணிக அளவில் வளர்த்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் 1982இல் வெளியிட்ட கையேடு பல வீடுகளில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தது.

தமிழகக் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் செபே கோமாளி மீன் உள்ளிட்ட இனங்களை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் பொரிப்பகத்தில் பெருக்கின. வெவ்வேறு அளவுள்ள நாலைந்து மீன்களைச் சாமந்தி உள்ள ஒரே தொட்டியில் விட்டு, இறாலும் மட்டிக் கறியும் கொடுத்து வந்தால், மூன்று நான்கு மாதங்களில் இரண்டு மட்டும் மற்றவற்றை மிஞ்சி வளரும். அந்த இரண்டும் ஜோடி. மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள்.

இன்று கடைக்கு வரும் கோமாளி மீன்களில் பெரும்பங்கு பொரிப்பகத்துக் குஞ்சுகள். பட்டைகள் பனித்துளிபோல் சிதறியவை, முழு வெள்ளை, முழுக் கறுப்பு என்று தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகைகளும் உண்டு. பொரிப்பகத்தில் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக வளரும் குஞ்சுகளில் எதற்கும் தலைமை கிடைப்பதில்லை. அதனால் பெரும்பாலும் ஆணாகவும் ஆகாமல் பெண்ணாகவும் ஆகாமல் இருக்கின்றன. அவற்றில் இரண்டைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்ட பிறகுதான், யார் பெரியவர் என்ற வழக்கு தொடங்குகிறது.