பால் ரயன் பட்ஜெட்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பால் ரயன், 2008 முதல் 2014 வரை அடுத்தடுத்து முன்வைத்த வரவு செலவுத் திட்டங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை மாற்றி அமைப்பது இவற்றின் மையம். ஏழைகளுக்கான மெடிகெய்ட், உணவு உதவி, வருமான வரி ஆகியவையும் இவற்றில் அடங்கும். 2012-இல் அதிபர் வேட்பாளர் மிட் ராம்னி இவரைக் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்ததும், அதுவரை பெரும்பாலும் பட்ஜெட் குழுக்களுக்குள் நடந்துகொண்டிருந்த வாதம் தெருவுக்கு வந்தது. இந்தத் திட்டங்களில் ஒன்றுகூட முழுமையாகச் சட்டமாகவில்லை.

பின்னணி

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் செலவு இரு வகைப்படும். பாதுகாப்பு, கல்வி போன்றவற்றுக்குக் காங்கிரஸ் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எனப்படும் ஓய்வூதியத்துக்கும் (1935), மெடிகேர், மெடிகெய்ட் இரண்டுக்கும் (1965) அப்படியில்லை. தகுதியுள்ளவர் வந்து கேட்டால் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். மக்கள்தொகையும் மருத்துவச் செலவும் ஏற ஏற இந்தச் செலவும் தானாக ஏறும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்த பெருந்தலைமுறையின் முதல் வரிசை 2011-இல் 65 வயதை எட்டியது. பட்ஜெட் கணக்கர்கள் அந்த ஆண்டை எண்ணி வெகுகாலமாகவே கவலைப்பட்டு வந்தார்கள்.

மெடிகேரில் கை வைத்தவர்கள் சுட்டுக்கொண்டதே வரலாறு. 1995-இல் நியூட் கிங்ரிச் தலைமையிலான பிரதிநிதிகள் சபை, ஏழாண்டுகளில் 27,000 கோடி டாலரை அதில் மிச்சப்படுத்தப் பார்த்தது. அதிபர் கிளின்டனோடு மோதல் முற்றி அரசு அலுவலகங்களை மூட நேர்ந்தது. அதே ஆண்டில் ஹென்றி ஆரன், ராபர்ட் ரைஷாவர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வேறொரு வழியை வகுத்தார்கள். மருத்துவமனைக் கட்டணத்தை அரசே நேரடியாகச் செலுத்துவதற்குப் பதில், முதியவர் தாம் விரும்பும் காப்பீட்டை வாங்கிக்கொள்ள ஒரு தொகையைத் தரும். இதற்குப் ‘பிரீமியம் ஆதரவு’ என்று பெயரிட்டார்கள். அந்தத் தொகை மருத்துவச் செலவுக்கு ஈடாக வளர வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. 1999-இல் செனட்டர் ஜான் பிரோ தலைமையிலான ஆணையம் இந்த யோசனையைப் பரிசீலித்தது. 17 உறுப்பினர்களில் 11 பேர் ஒப்ப வேண்டும். 10 பேரே ஒப்பினார்கள். ரயனின் திட்டம் ஏதோ ஒரு தீவிரவாதியின் கற்பனை என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்த முன்கதையை மறந்துவிட்டார்கள். தொகையின் வளர்ச்சி பற்றிய அந்த நிபந்தனையை ரயன் உதறியதும் ஆரன் அவரது திட்டத்தை எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முதல் வடிவங்கள்

ஜேன்ஸ்வில் என்ற ஊரில் 1970-இல் பிறந்த ரயன், 16 வயதில் தந்தையை இழந்தார். வாரிசுப் பிள்ளைகளுக்குச் சோஷியல் செக்யூரிட்டி தரும் உதவித்தொகையை 18 வயதுவரை பெற்று, கல்லூரிச் செலவுக்காகச் சேமித்தார். 1998-இல் சபைக்குத் தேர்வானார். புஷ் காலத்து வரிக் குறைப்புகளுக்கும், மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்த்த 2003-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவர் ஆதரவாக வாக்களித்தார். பற்றாக்குறையைப் பற்றி அவர் வாய் திறந்தபோதெல்லாம் எதிர்த்தரப்பு இதை நினைவூட்டத் தவறியதில்லை.

2008-இல் அவர் வெளியிட்ட ‘அமெரிக்காவின் எதிர்காலத்துக்கான வழிவரைபடம்’ சோஷியல் செக்யூரிட்டியிலும் தனிநபர் கணக்குகளைப் புகுத்தியது. கட்சித் தலைமை எட்டியே நின்றது. 2010 நவம்பரில் குடியரசுக் கட்சி சபையைக் கைப்பற்ற, பட்ஜெட் குழுத் தலைவர் பதவி ரயனிடம் வந்தது. அதே ஆண்டின் இறுதியில், கடனைக் குறைக்க அதிபர் ஒபாமா அமைத்த சிம்ப்சன்–போல்ஸ் ஆணையத்தில் உறுப்பினராக இருந்த ரயன், அதன் அறிக்கையை எதிர்த்து வாக்களித்தார்.

2011 ஏப்ரல் 5

அன்று வெளியான ‘செழிப்புக்கான பாதை’யில் சோஷியல் செக்யூரிட்டிக் கணக்குகள் இல்லை. மெடிகேர் இருந்தது. அப்போது 55 வயதைக் கடந்தவர்களுக்கு எதுவும் மாறாது. அதற்குக் கீழ் உள்ளவர்கள் 2022 முதல் 65 வயதை எட்டும்போது, தனியார் காப்பீடு வாங்க அரசிடமிருந்து தொகை பெறுவார்கள். அத்தொகை பொது விலைவாசியின் வேகத்தில்தான் உயரும். மருத்துவச் செலவோ அதைவிட வேகமாக ஏறுவது. மெடிகெய்ட், மாநிலங்களுக்கு மொத்தமாக வழங்கும் மானியமாகிவிடும். வருமான வரியின் உச்ச விகிதம் 25 சதவீதமாகக் குறையும். இதனால் குறையும் வருவாயை வரிச்சலுகைகளை நீக்கி ஈடுகட்டலாம் என்றார்கள். எந்தச் சலுகைகள் என்று சொல்லவில்லை.

55 என்ற கோடுதான் திட்டத்தின் அரசியல் சாமர்த்தியம். வாக்குச்சாவடிக்குத் தவறாமல் வரும் முதியவர்களை அது தொடவில்லை. தொடப்படுபவர்களுக்கோ மெடிகேர் இன்னும் தொலைவில் இருந்தது.

கட்சி சாராத காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் அதே நாளில் தன் ஆய்வைத் தந்தது. 2022-இல் 65 வயதாகும் ஒருவரின் கையைக் கடிக்கும் செலவு, நடைமுறைச் சட்டப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 6,150 டாலர். ரயன் திட்டப்படி 12,500. 2030-இல் மொத்த மருத்துவச் செலவில் 68 சதவீதத்தை முதியவரே ஏற்பார். தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிகேரைவிட மருத்துவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதும், நிர்வாகச் செலவும் லாபமும் சேர்வதும் இதற்குக் காரணம். அரசின் சுமை இறங்குகிறது. அது இறங்கும் இடம் முதியவரின் தோள். இதே அறிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு குறிப்பும் இருந்தது. வரி வருவாய் நாட்டின் மொத்த உற்பத்தியில் 19 சதவீதமாக உயரும் என்பது அலுவலகம் போட்ட கணக்கு அல்ல. ரயன் தரப்பு எழுதிக் கொடுத்த எண். கடன் குறைவதாகக் காட்டிய வளைகோடு அந்த எண்ணை நம்பித்தான் நின்றது.

ஏப்ரல் 13-இல் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒபாமா இதைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அழைப்பின்பேரில் வந்திருந்த ரயன் முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துச் சபையில் 235–193 என நிறைவேறியது. மே 25-இல் செனட் 40–57 என நிராகரித்தது. அதற்கு முந்தைய நாள், குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த நியூயார்க்கின் 26-ஆவது தொகுதி இடைத்தேர்தலில் கேத்தி ஹோக்குல் மெடிகேரையே பிரச்சாரமாக்கி வென்றார். கிங்ரிச்சே திட்டத்தை ‘வலதுசாரிச் சமூகப் பொறியியல்’ என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினார். ரயனைப் போல ஒருவர் பாட்டியைச் சக்கர நாற்காலியோடு மலையுச்சியிலிருந்து தள்ளிவிடும் விளம்பரமும் அந்த மாதம்தான் வந்தது. குடியரசுக் கட்சியினர் மெடிகேரையே ஒழிக்க வாக்களித்தார்கள் என்ற ஜனநாயகக் கட்சியின் முழக்கத்தை, உண்மை சரிபார்க்கும் பொலிட்டிஃபாக்ட் அவ்வாண்டின் பெரும்பொய் என்று அறிவித்தது. அது பொய்யா, சற்றே மிகையா என்று அடுத்த சண்டை கிளம்பியது.

2011 டிசம்பரில் ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ரான் வைடனுடன் சேர்ந்து ரயன் திட்டத்தைத் தணித்தார். 2012 மார்ச் பட்ஜெட்டில் பழைய மெடிகேரும் ஒரு தேர்வாக நீடித்தது. உதவித்தொகையின் வளர்ச்சிக்கும் தாராளமான வரம்பு கிடைத்தது. கத்தோலிக்கரான ரயன் தம் பட்ஜெட்டுக்குத் திருச்சபையின் சமூகப் போதனையையே துணைக்கு அழைத்தார்: சிறிய அமைப்புகளால் முடிவதைப் பெரிய அரசு செய்ய வேண்டாம் என்ற கோட்பாடு. உணவு உதவியைக் குறைப்பது அறநெறிக்கு ஒவ்வாது என்று அமெரிக்க ஆயர் பேரவை மறுத்தது. சகோதரி சிமோன் கேம்ப்பெல் தலைமையில் அருட்சகோதரிகள் கோடையில் பேருந்தேறி மாநிலம் மாநிலமாகப் பிரச்சாரம் செய்தார்கள். வாதம் மெடிகெய்டையும் ஏழைகளையும் பற்றிப் பேசிய அபூர்வமான நேரம் அது.

தேர்தல் களம்

2012 ஆகஸ்ட் 11-இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில், விஸ்கான்சின் என்ற பெயர் தாங்கிய போர்க்கப்பலின் முன் ராம்னி, ரயனை வேட்பாளராக அறிவித்தார். தற்காப்பில் இருக்க வேண்டிய ரயன் தரப்பு தாக்குதலில் இறங்கியது: ஒபாமா தம் மருத்துவச் சட்டத்துக்காக மெடிகேரிலிருந்து 71,600 கோடி டாலரை எடுத்துவிட்டார் என்றார்கள். மருத்துவமனைகளுக்கும் தனியார் திட்டங்களுக்கும் தரும் தொகையில் பத்தாண்டுகளில் குறையப்போவது அது. முதியவர்களின் சலுகைகளை நேரடியாக வெட்டியதல்ல. இதில் வேடிக்கை என்னவென்றால், ரயனின் சொந்த பட்ஜெட்டும் அதே மிச்சத்தை வைத்துத்தான் கணக்கை நேராக்கியிருந்தது. அதைத் திருப்பித் தருவதாக ராம்னி அறிவித்த பிறகு ரயன் தம் கணக்குக்கு எதிராகவே பேச வேண்டியதாயிற்று. ஃப்ளோரிடாவின் முதியோர் குடியிருப்பான தி வில்லேஜஸில் தம் தாயை மேடையேற்றி அவர் மெடிகேரைக் காப்பதாக வாக்களித்தார்.

அக்டோபர் 11-இல் கென்டக்கியின் டான்வில்லில் துணை அதிபர் விவாதம் நடந்தது. அப்போது துணை அதிபராக இருந்த பைடனுக்கு வயது 69, ரயனுக்கு 42. 55 வயதுக் கோட்டின் இரு பக்கமும் ஒரே மேசையில். இருவரும் கத்தோலிக்கர்கள். பைடன் சிரித்தும் குறுக்கிட்டும், முதியவர்களைப் பார்த்து யாரை நம்புவீர்கள் என்று கேட்டார். எந்த வரிச்சலுகைகளை நீக்குவீர்கள் என்று நெறியாளர் மார்த்தா ராடட்ஸ் விடாமல் வினவியபோது, ஆறு ஆய்வுகள் தங்கள் பக்கம் இருப்பதாகவும் விவரங்களைக் காங்கிரஸோடு பேசி முடிவு செய்வதாகவும் ரயன் சொன்னார். 2011-இல் விட்ட இடம் அப்போதும் வெற்றிடமாகவே இருந்தது.

நவம்பரில் ஒபாமா 332–206 என வென்றார், விஸ்கான்சினும் அவருக்கே. ஆனால் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பின்படி 65 வயதைக் கடந்தோரில் 56 சதவீதம் பேர் ராம்னி பக்கம் நின்றார்கள். முதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற கணிப்பு பலிக்கவில்லை.

பிற்காலம்

2013, 2014-ஆம் ஆண்டுப் பட்ஜெட்டுகளும் சபையைத் தாண்டவில்லை. 2013 டிசம்பரில் செனட்டர் பாட்டி மர்ரேயுடன் ரயன் செய்துகொண்ட சிறு உடன்பாடு மட்டும் சட்டமானது. அதில் மெடிகேர் சீர்திருத்தம் இல்லை. 2015 அக்டோபரில் அவர் சபாநாயகரானார். மெடிகேரையும் சோஷியல் செக்யூரிட்டியையும் வெட்டமாட்டேன் என்று சொல்லியே டிரம்ப் கட்சியைக் கைப்பற்றினார். 2017-இல் மெடிகெய்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு வைத்த மசோதா சபையில் 217–213 என நிறைவேறியது. அந்த முயற்சி செனட்டில் ஜூலை 28 அதிகாலை குடியரசுக் கட்சியின் மெக்கெயின் போட்ட எதிர்வாக்கோடு முடிந்தது. அவ்வாண்டின் வரிக் குறைப்பு மட்டும் டிசம்பர் 22-இல் சட்டமானது. 2018 நிதியாண்டின் பற்றாக்குறை 77,900 கோடி டாலர். 2019 ஜனவரியில் ரயன் சபையை விட்டு விலகினார்.

2024 தேர்தல் அறிக்கையில் குடியரசுக் கட்சி மெடிகேரிலும் சோஷியல் செக்யூரிட்டியிலும் வெட்டு இல்லை, ஓய்வு வயதும் மாறாது என்று எழுதிக்கொடுத்தது. மெடிகெய்டுக்கு அந்த உறுதிமொழியில் இடமில்லை. 2025 ஜூலை 4-இல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், ஒபாமா சட்டத்தின் விரிவாக்கத்தால் மெடிகெய்டில் சேர்ந்த 19 முதல் 64 வயதுக்காரர்களில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரமாவது வேலையோ படிப்போ சமூகப் பணியோ செய்வதாகக் காட்ட வேண்டும் என்று விதித்தது.