ராஜாவின் சர்ஜனும் ஒரு சின்னத் தழும்பும்

டிஸ்கி: வயசுக்கு வந்தவங்களுக்கான பதிவு. ஆனா ஜொள்ளு மேட்டர் எதுவும் கிடையாது. அதை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே எஸ்கேப் ஆயிக்கலாம்.

போன மாசம் என் பழைய ரூம்மேட் ஒருத்தன் போன் பண்ணினான். மழை, கிரிக்கெட், பையனோட ஸ்கூல் பீஸ் எல்லாம் பேசி முடிச்சிட்டு, "மாப்ளே, யார்ட்டயும் சொல்லிடாத"ன்னு விஷயத்துக்கு வந்தான். ஆறேழு மாசமா விறைப்பு வரும்போது ஆண்குறி மேல் பக்கமா வளையுதாம். வலி. தடவிப் பார்த்தா உள்ளே பட்டாணி மாதிரி ஒரு கட்டி. கேன்சரோன்னு பயம், பொண்டாட்டிகிட்ட சொல்லக் கூச்சம். பஸ் ஸ்டாண்ட் சுவத்துல விளம்பரம் எழுதற லாட்ஜ் வைத்தியர் ஒருத்தர்கிட்ட போயிருக்கான். "சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" விசாரணைக்கெல்லாம் தலையாட்டிட்டு, லேகியத்துக்கு 22,000 ரூபாய் அழுதிருக்கான்.

"ஆனா மாப்ளே, வலி குறைஞ்சிடுச்சுடா" என்றான்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிவு. ஏன்னா அந்த வரியை நம்பி ஏமாந்தவங்க லிஸ்ட்டுல பிரான்ஸ் ராஜாவோட சர்ஜன்கூட இருக்கார்னுதான் நான் நினைக்கிறேன்.

முதல்ல நோயைப் பார்த்துடுவோம். ஆண்குறிக்குள்ள ரத்தம் நிறையற பஞ்சு மாதிரியான ரெண்டு குழல் இருக்கு. அதைச் சுத்தி கெட்டியான, ஆனா இழுபடக்கூடிய ஒரு உறை. அந்த உறையில ஒரு இடத்துல தழும்பு விழுந்தா, அந்த இடம் மட்டும் இழுபடாது. சைக்கிள் ட்யூப்ல பெரிய பஞ்சர் ஒட்டு போட்டு காத்தடிச்சுப் பாருங்க, ஒட்டு இருக்கற பக்கமா ட்யூப் வளையும். அவ்வளவுதான் மேட்டர். கேன்சர் இல்லை, தொத்திக்கற வியாதியும் இல்லை. உறவின்போது தெரியாமலே படற சின்னச் சின்ன அடிகள் ஒழுங்கா ஆறாம தழும்பாயிடுதுங்கறதுதான் இன்னைக்குப் பெரும்பாலான டாக்டர்கள் சொல்ற காரணம். உள்ளங்கையில நார்த்திசு இறுகி விரல் மடங்கிப்போற டுப்யூட்ரான் நோய் இருக்கறவங்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும் இது கொஞ்சம் அதிகமா வருது. கைப்பழக்கத்துக்கும் இதுக்கும் முடிச்சு போடறது லாட்ஜ் வைத்தியர் வேலை.

நியாயமா சொன்னா அந்தப் பழியை அவர் கண்டுபிடிக்கலை. 1587-ல் இத்தாலியின் பொலோஞா நகரத்து மருத்துவர் அரான்ஸி இதை எழுதியிருக்கார். சாதாரணமா இருக்கும்போது அவரைக்கொட்டை மாதிரி கைக்குத் தட்டுப்படும், விறைக்கும்போது ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி வளையும்னு அருமையான வர்ணனை. ஆனா காரணம்? அளவுக்கு மீறி உறவு வைக்கறவங்களுக்கு வருதாம். 400 வருஷம் தாண்டியும் நோயாளியையே குத்தவாளிக் கூண்டுல ஏத்தற பழக்கம் போகலை.

நோய்க்குப் பேர் மட்டும் அரான்ஸிக்குப் போகலை. 1743-ல் எழுதின பிரான்சுவா ழிகோ தெ லா பெய்ரோனிக்குப் போயிடுச்சு. 'பெய்ரோனி நோய்'. மனுஷன் சாதாரண ஆள் இல்லை. 1678-ல் தென் பிரான்ஸ் மோன்பெலியேவில் பிறந்து, பதினைந்தாம் லூயியோட முதல் சர்ஜன் பதவிக்கு வந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் கத்தி பிடிக்கறவன்னா சவரக்காரன் கணக்குதான். லத்தீன் படிச்ச வைத்தியர்கள் சர்ஜனை மதிக்கவே மாட்டாங்க. (நம்ம ஊர்லயும் முடிதிருத்தற சமூகத்துக்கு 'மருத்துவர்'னு பேர் இருக்கே, அந்த வீட்டுப் பெண்கள்தான் பிரசவம் பார்த்தாங்க. அது தனிப்பதிவு.) இந்த நிலைமையை மாத்த லா பெய்ரோனி ராஜாகிட்ட மல்லுக்கட்டினார். 1731-ல் பாரீஸ்ல அறுவை மருத்துவக் கழகம் உருவானதுல அவருக்குப் பெரிய பங்கு. 1743-ல் சர்ஜன்களையும் சவரக்காரர்களையும் பிரிச்சு ராஜா உத்தரவு போட்டார். அதே வருஷம் கழகத்தோட முதல் தொகுதி வெளியாகுது. அதுலதான் நம்ம நோய் பற்றின கட்டுரை. ஜெபமாலை மணி மாதிரி வரிசையா கட்டிகள்னு எழுதறார்.

வைத்தியம்? பைரனீஸ் மலையில இருக்கற பரேஜ் ஊத்துத் தண்ணி! கந்தகம் கலந்த வெந்நீர். போர்ல காயம்பட்ட சிப்பாய்கள் குளிக்கப்போற ஊர். பழைய தழும்பை அந்தத் தண்ணி இளக்கும்னா இந்தத் தழும்பையும் இளக்கணுமில்லையா? லாஜிக் என்னமோ சரிதான்.

இங்கதான் இந்த நோயோட தில்லாலங்கடி வேலை. ஆரம்பத்துல வலி இருக்கும், வளைவு கூடிக்கிட்டே போகும். பெரும்பாலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல வலி தானாவே அடங்கிடும். வளைவு நிக்கும். 2006-ல் அமெரிக்காவில் சிகிச்சை எதுவும் எடுக்காத 246 பேரைத் தொடர்ந்து கவனிச்சு ஒரு ஆய்வு வந்தது. வலி இருந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அது முழுசா போயிடுச்சு. வளைவு தானா குறைஞ்சது 12 சதவீதம் பேருக்குத்தான். 40 சதவீதம் அப்படியே, 48 சதவீதம் மோசம்.

அப்போ அந்த ஒன்றரை வருஷத்துக்குள்ள எதைக் கொடுத்தாலும் அது 'வேலை செஞ்ச' மாதிரிதானே தெரியும்? ஊத்துத் தண்ணி, அப்புறம் பாதரசம், அயோடின், கரண்ட் வைத்தியம், எக்ஸ்ரே கதிர், 1948-லேர்ந்து வைட்டமின் ஈ. ஒவ்வொண்ணுக்கும் "வலி போச்சு டாக்டர்"னு சாட்சி சொல்ல ஆள் கிடைச்சிருக்கும். 2015-ல் அமெரிக்க யூராலஜி சங்கம் வழிகாட்டி போட்டப்போ, வைட்டமின் ஈ-யும் வேண்டாம், கதிரும் வேண்டாம்னு வெளிப்படையா எழுதவேண்டி வந்தது.

நிஜமா வளைவை நிமிர்த்தினது கத்திதான். 1965-ல் அமெரிக்க சர்ஜன் ரீட் நெஸ்பிட், பிறவி வளைவு உள்ளவங்களுக்கு ஒரு முறை சொன்னார். தழும்பைத் தொடாம, எதிர்ப்பக்கம் டெய்லர் டக் பிடிக்கற மாதிரி பிடிச்சுத் தைக்கறது. பின்னாடி அதையே இந்த நோய்க்கும் செஞ்சாங்க. நேராகும், ஆனா நீளம் கொஞ்சம் குறையும். அதைச் சொல்லாம ஆபரேஷன் பண்ணக்கூடாது. வளைவு ரொம்ப அதிகம்னா தழும்பை வெட்டி வேற திசு வெச்சு ஒட்டுப் போடுவாங்க, விறைப்பே சரியா வராதவங்களுக்கு உள்ளே செயற்கைக் கருவி.

ஊசி மருந்தோட கதை இன்னும் சுவாரசியம். 1916-ல் உலகப் போர்க் காயங்கள்லேர்ந்து பிரான்ஸ்ல ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தாங்க. சதையையே கரைக்கற ராட்சசன். அது சுரக்கற கொலாஜினேஸ் நொதியைச் சுத்தப்படுத்தி, தழும்புக்குள்ள ஊசியா போடற சிகிச்சைக்கு 2013 டிசம்பர்ல அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சோதனைகள்ல வளைவு சராசரியா 34 சதவீதம் குறைஞ்சது. வெறும் மருந்தில்லா ஊசி போட்டவங்களுக்கு? அவங்களுக்கும் 18 சதவீதம்! லேகியத்துக்குக் கிடைச்ச பேர் எங்கேர்ந்து வந்ததுன்னு இப்போ புரியுதா மக்களே? இந்த ஊசிக்கும் ஆபத்து உண்டு, உறை கிழிஞ்சவங்க இருக்காங்க. ஐரோப்பாவுல 2020-ல் கம்பெனியே வாபஸ் வாங்கிடுச்சு.

லா பெய்ரோனி 1747-ல் செத்துப்போனார். மோன்பெலியேவில் சர்ஜன்களுக்காக ஒரு உடற்கூறு அரங்கம் கட்ட உயில்ல பணம் எழுதிவெச்சுட்டுப் போனார். சர்ஜன்களை மதிக்காத அந்த ஊர் மருத்துவக் கல்லூரியோட வாசல்லயே இன்னைக்கு அவர் சிலையா உட்கார்ந்திருக்கார்.

நண்பன் ஒருவழியா யூராலஜிஸ்ட்டைப் பார்த்துட்டான், அதுவும் பொண்டாட்டியோட. இன்னும் நோய் அடங்கலை, இப்போ கத்தி வேண்டாம், வளைவை போட்டோ எடுத்துவெச்சுக்கிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருக்கார். கேன்சர் இல்லைன்னு கேட்டதும் பாதி உசிரு திரும்பி வந்துச்சாம்.

லேகியம்தான் அரை டப்பா மிச்சம் இருக்காம். என்ன பண்றதுன்னு என்னைக் கேக்கறான்.